புது வடிவமைப்புக்குச் சொன்ன கருத்து வேலை செய்யவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சென்னையில் தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் போன்ற குறைகளைப் பதிவு செய்ய உதவும் ஒரு தன்னார்வ இணையதளம் புது வடிவம் எடுத்தபோது, அதன் மாக்கப்புகளை, அதாவது திரைகள் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படங்களைப் பார்த்துக் கருத்து சொல்லும் வேலை எனக்கு வந்தது. வடிவமைப்பாளர்கள் திறமைசாலிகள். கருத்து சொன்னவர்களும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனாலும் முதல் இரண்டு மாதம் எங்கள் கருத்துகளால் தளத்தில் எதுவும் மேம்படவில்லை. பழுது வடிவமைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் அது நாங்கள் கருத்து சொன்ன விதத்தில் இருந்தது.

அப்போது கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் குழுவில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை. உங்கள் ஃபிக்மா (மாக்கப் வரையும் மென்பொருள்) கோப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கடைசியாக வந்த பத்துக் கருத்துகளை எடுங்கள். ஒரு மனிதர் ஒரு வேலையைச் செய்யப் போய் எங்கே நின்றார் என்று சொல்லும் கருத்துகளை மட்டும் எண்ணுங்கள். எங்கள் பத்தில் ஒன்றுதான் அப்படி இருந்தது. மற்ற ஒன்பதும் பக்கத்தைப் பற்றிப் பேசின, அதைப் பயன்படுத்தும் ஆளைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்கும் பாதிக்குக் கீழே வந்தால், கீழே உள்ளவற்றில் பல உங்களுக்கும் இருக்கும்.

அறிகுறி: எல்லோரும் "நல்லாருக்கு" என்கிறார்கள், வேறெதுவும் வருவதில்லை

நீங்கள் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் வந்தது சரியான பதில்தான். சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒருவர் செய்ததை முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ அதைத்தான் சொல்வார்கள்.

கேள்விக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுங்கள். "உங்கள் தெருவில் மூன்று நாளாகக் குப்பை எடுக்கவில்லை. இந்தப் படத்தில் முதலில் எங்கே தொடுவீர்கள்?" அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். தயங்கினால் வாயைத் திறக்காதீர்கள். "அது மேலே இருக்கு பாருங்க" என்று நாம் சொன்ன நொடியில் சோதனை முடிந்துவிடுகிறது. தூரத்தில் இருப்பவர் என்றால் திரையைப் பதிவு செய்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லலாம்.

பார்த்ததை இப்படி எழுதுங்கள்: "அறுபது வயதுக்காரர், சின்னத் திரை போன். குப்பைப் புகார் கொடுக்கப் போனார். 'சேவைகள்' என்ற மெனுவைத் திறந்து மூடினார். இரண்டு முறை கீழே தள்ளிப் பார்த்தார். 'புகார்னு எங்கயும் எழுதலையே' என்றார்." இதில் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற வடிவமைப்பாளருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். சின்னக் குழுக்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஐவரும் அதே குழுவின் நண்பர்கள் என்றால் எண்ணிக்கையால் பயனில்லை. பயன்படுத்தப்போகிறவர்கள் வெவ்வேறு வகை என்றால் ஒவ்வொரு வகையிலும் சிலரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: பேச்செல்லாம் நிறம், லோகோ, முகப்புப் படம்

பெரும்பாலும் காரணம், நீங்கள் முகப்பை மட்டும் காட்டியிருப்பீர்கள், அதுவும் பளபளவென்று முடித்த நிலையில். கண்ணுக்கு முன்னால் இருப்பது நிறமும் படமும் என்றால் பேச்சும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்த சுற்றில் முகப்பைக் காட்டவே வேண்டாம். புகார்ப் படிவம், புகாரின் நிலை காட்டும் பக்கம், தேடல் முடிவு ஆகியவற்றைச் சாம்பல் நிறக் கட்டங்களாக, ஆனால் உண்மையான வாசகங்களோடு காட்டுங்கள். இப்படிப்பட்ட தளத்துக்கு நிறைய பேர் முகப்பு வழியாக வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க்கில் இருந்தோ கூகுள் தேடலில் இருந்தோ நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள்.

"ரொம்ப வெறிச்சென்று இருக்கு" என்பது எங்களுக்கு அடிக்கடி வந்த இன்னொரு கருத்து. பிரிட்டன் அரசின் ஜிஓவி.யுகே தளம் 2012 அக்டோபரில் வந்தபோது அதில் அலங்காரம் என்று சொல்ல எதுவுமே இல்லை. எழுத்து, லிங்க், ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு போட்டியில் ஷார்ட் என்ற வானளாவிய கட்டடமும் இருந்தது. இதை ஒரு முறை குழுவில் சொன்னேன், வெறுமை பற்றிய பேச்சு அதோடு அடங்கியது.

ஆனால் நிறம் பற்றிய எல்லாக் கருத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். "மங்கலா தெரியுது" என்று ஒருவர் சொன்னால் அது ரசனையாக இருக்காது, பார்வைச் சிக்கலாக இருக்கலாம். இதை அளந்துவிடலாம். டபிள்யூ.சி.ஏ.ஜி என்ற இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற வேறுபாடும் கேட்கின்றன. எங்கள் மாக்கப்பில் தேதியும் புகார் எண்ணும் 999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தில் வெள்ளைமேல் இருந்தன. அதன் அளவு 2.85 மட்டுமே. 767676க்கு மாற்றினால் 4.54, விதிக்குள் வந்துவிடுகிறது. "எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் வாதம் நடந்திருக்கும். எண்ணைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் மாறியது. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றும் படித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் விதியைத் தாண்டிய நிறம்கூடச் சில சமயம் போதாது.

அறிகுறி: சொன்னதைச் செய்தார்கள், ஆனாலும் சிக்கல் தீரவில்லை

இது என் தவறு. விளக்கமாகவே சொல்கிறேன்.

பழைய தளத்தில் புகார் கொடுக்க முதலில் வார்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு. தொட்டால் விரியும் டிராப்டவுன் பட்டியலில் 200 எண்கள். புது மாக்கப்பிலும் அதே டிராப்டவுன் இருந்தது. போனில் தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருந்ததால், "டிராப்டவுனைப் பெரிதாக்குங்கள், எண்களுக்கு இடையே இடைவெளி விடுங்கள்" என்று எழுதினேன். செய்துவிட்டார்கள். அழகாகவே இருந்தது.

பிறகு எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் அதைக் கொடுத்தேன். கடை வாசலில் விளக்கு எரியாமல் ஒரு வாரம் ஆகியிருந்ததால் அவருக்கு உண்மையிலேயே ஒரு புகார் இருந்தது. டிராப்டவுனைத் திறந்தார், பார்த்தார், என் கையில் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, வார்டு நம்பர் கேக்குதே, அதை எங்கப்பா போய்ப் பாக்குறது?"

அவருக்கு எண் தெரியாது. பலருக்கும் தெரியாது. சொந்த வீட்டுக்காரர் என்றால் சொத்து வரி ரசீதில் பார்க்கலாம், வாடகைக்கு இருப்பவர் கையில் அந்த ரசீது இருக்காது. பின்கோடை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். பின்கோடு எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல. ஒரு பின்கோடுக்குள் பல வார்டுகள் வரும்.

ஆக, நான் சொன்ன தீர்வு கேட்கவே கூடாத ஒரு கேள்வியை வசதியாகக் கேட்க வைத்திருந்தது. "வார்டு எண் தெரியாததால் ஆள் இங்கேயே நின்றுவிடுகிறார்" என்று மட்டும் எழுதியிருந்தால், வடிவமைப்பாளர் முதல் வாரத்திலேயே வரைபடத்துக்குப் போயிருப்பார். மைசொசைட்டி என்ற அமைப்பு 2007இல் பிரிட்டனில் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இதைத்தான் செய்கிறது. இடத்தைச் சொல், வரைபடத்தில் ஊசியைக் குத்து, என்ன பிரச்சினை என்று எழுது. அது எந்த நிர்வாகத்துக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடிப்பது தளத்தின் வேலை, மக்களின் வேலை இல்லை.

எனவே சரிபார்க்க: உங்கள் கருத்துகளில் "மாற்றுங்கள், பெரிதாக்குங்கள், நகர்த்துங்கள், சேருங்கள்" என்று முடிபவற்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஏனென்றால்" என்று போட்டு நிரப்பப் பாருங்கள். நிரப்ப முடிந்தால் அந்தப் பின்பாதியை மட்டும் அனுப்புங்கள். யோசனை இருந்தால் தனி வரியில், "ஒரு யோசனை மட்டுமே" என்று சொல்லிவிட்டு எழுதலாம். நிரப்ப முடியாதவற்றை அனுப்ப வேண்டாம்.

அறிகுறி: ஒருவர் "இன்னும் சேருங்கள்" என்கிறார், இன்னொருவர் "குறையுங்கள்" என்கிறார்

இருவரும் சரியாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்களிடம் வார்டு வாரியாகப் புள்ளிவிவரம் வேண்டும், கோப்பாக இறக்க வேண்டும் என்று கேட்டவர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருந்தார், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர். "ஒரே பட்டன் போதும்" என்றவர் வருடத்தில் ஒரு முறை வருபவர். இவை இரண்டு வேலைகள். எந்தக் கருத்து சரி என்று வாக்கெடுப்பு நடத்தினால் கூட்டத்தில் யார் அதிகமோ அவர் பக்கம் சாயும், வருடத்துக்கு ஒரு முறை வருபவர் கூட்டத்துக்கு வந்திருக்கவே மாட்டார்.

ஒவ்வொரு கருத்தின் ஓரத்திலும் மூன்று குறிப்பு எழுதுங்கள். யாருடைய வேலை? அவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை அதைச் செய்வார்? இந்தத் தளம் இல்லாவிட்டால் அவருக்கு வேறு வழி இருக்கிறதா? மூன்றாவதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சங்கத்துக்காரருக்கு மனு இருக்கிறது, அலுவலகத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இட்லிக் கடை அக்காவுக்கு மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்கூடத் தெரியாது. முதல் திரை அவருக்கு, புள்ளிவிவரம் உள்ளே தனிப் பக்கத்தில் என்று முடிவானது. இருவருக்கும் வருத்தம் இல்லை.

இதே அறிகுறி இன்னொரு வேடத்திலும் வரும்: எந்த வகைப்பாடு என்ற சண்டை. நிர்வாகம் தெரிந்தவர்கள் துறை வாரியாகப் பிரிக்கச் சொல்வார்கள். தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வாசலில் நிற்பவருக்குத் தெரிவது முழங்கால் அளவுத் தண்ணீர் மட்டும்தான். "தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று ஒரே ஒரு தேர்வு வைத்து, அடுத்த திரையில் "நாற்றம் அடிக்கிறதா? மழைக்குப் பிறகு வந்ததா?" என்று கேட்டுப் பிரிக்கலாம். இதைக் கருத்தாகச் சொல்லும்போதும் துறைப் பெயர்களை வைத்து வாதாட வேண்டாம். நாலு பேரிடம் அந்தத் தண்ணீரை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஆங்கில மாக்கப் அருமை, தமிழ் போட்டதும் உடைகிறது

கருத்து சொல்லும்போது இருந்தது ஆங்கில வாசகம், வெளியாகும்போது வருவது தமிழ். எங்கள் தளத்தில் மிகப் பெரிய சேதம் இதனால்தான் வந்தது. மூன்று சுற்றுக் கருத்துகள், எல்லாம் ஆங்கிலத் திரைகளுக்கு. மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்தில் ஊற்றினோம். பட்டன்கள் பிதுங்கின, தலைப்புகளின் தலை வெட்டுப்பட்டது.

தமிழ்த் திரைக்குக் கருத்து சொல்லும்போது நான் இப்போது பார்ப்பவை:

முதலில் வரி உயரம். ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.2 மடங்கு போதும் என்று விட்டுவிடுவார்கள். தமிழில் "கி, கீ" போன்றவற்றின் கொம்பும் சுழியும் மேலே ஏறும், "ழு, து, நு" போன்றவற்றின் வால் கீழே இறங்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல் வரியின் வால் கீழ் வரியின் கொம்போடு உரசும். கட்டத்துக்குள் இருந்தால் வெட்டியே போகும். 1.5 அல்லது 1.6 வைத்துப் பாருங்கள். "குழந்தை நிதியுதவி", "கூடுதல் கட்டணம்" போன்ற சொற்களைச் சோதனை வாசகமாக வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து பட்டன். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடிவது தமிழில் "சமர்ப்பிக்கவும்" ஆகிறது. எழுத்தைச் சுருக்குங்கள் என்று கேட்காதீர்கள், சொல்லை மாற்றச் சொல்லுங்கள். "அனுப்பு" போதும். மக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். "உள்நுழைக" என்பதைப் பார்த்துக் குழம்பியவர்கள் "லாகின்" என்றதும் தொட்டார்கள். தூய தமிழ் மீது எனக்குப் பற்று உண்டு. ஆனால் புகார் கொடுக்க வந்தவரை அகராதிக்கு அனுப்பக் கூடாது.

தலைப்புகளைப் பிரித்துக்காட்ட ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குவார்கள், அல்லது சாய்ப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்வு வடிவம் பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகளில் இல்லாததால் பிரவுசர் தானாக எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். தடித்த வடிவம் ஃபாண்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பிரவுசர் மை பூசியதுபோல் தடிமனாக்கும், "ண", "ஞ" போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். ஆங்கில மாக்கப்பில் மூன்று படிநிலையாகத் தெரிந்த பக்கம் தமிழில் ஒரே சமவெளியாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலார், கேட்டமரன் போன்றவற்றில் பல தடிமன்கள் உண்டு, இலவசமாகவும் கிடைக்கின்றன.

தேடல் பெட்டிதான் பலர் மறக்கும் இடம். "சௌகார்பேட்டை" என்று தேடிப் பாருங்கள். ஒருவர் ஔ உயிர்க்குறியைப் போட்டு எழுதுவார். இன்னொருவர் எகரக் கொம்பும் "ள" எழுத்தும் சேர்த்து அதே உருவத்தை வரவைப்பார். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. மூன்றாமவர் "சவுகார்பேட்டை" என்பார். நான்காமவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார். நான்கு பேருக்கும் கிடைக்க வேண்டும். அதேபோல ஊர்ப் பட்டியலின் வரிசையையும் பாருங்கள். கணினியில் எழுத்துகளுக்குத் தரப்பட்ட யூனிகோடு எண் வரிசையில் "ஜ" எழுத்து "ச"வுக்குப் பிறகு, "த"வுக்கு முன் வரும். அதனால் ஜாபர்கான்பேட்டை சைதாப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே நிற்கும். அகராதி வரிசையில் அது வேளச்சேரிக்கும் பின்னால், கடைசியில் வர வேண்டும். தமிழ் வரிசை முறை பிரவுசர்களிலேயே இருக்கிறது, கேட்டால் ஒரு வரியில் சேர்த்துவிடுவார்கள்.

இத்தனையையும் ஒருவர் மாக்கப்பைப் பார்த்தே ஊகிக்க முடியாது. ஒரே வழி, முதல் சுற்றிலிருந்தே தமிழ் வாசகத்தோடு மாக்கப் கேட்பதுதான். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் வாசகங்களை நீங்களே ஒரு ஷீட்டில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுக்கத் தொடங்கிய பிறகு திருத்த வேண்டியவை பெருமளவு குறைந்தன.

அறிகுறி: யாருமே கமெண்ட் போடாத திரையில் மக்கள் திரும்பிப் போகிறார்கள்

லாகின், ஓடிபி, "ஏதோ தவறு நேர்ந்தது" என்ற செய்தி, முடிவு எதுவும் இல்லாத தேடல் பக்கம், பதிவானதும் வரும் எஸ்எம்எஸ். இவை மாக்கப்பில் வரைந்தே இருக்காது, வரையாததற்கு யாரும் கருத்து சொல்ல முடியாது.

லாகின் எங்கே வருகிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, காப்பீட்டுத் திட்டங்களை வெறுமனே பார்ப்பதற்கே முதலில் கணக்கு உருவாக்க வேண்டியிருந்தது. எல்லாக் கூட்டமும் அந்த ஒரு வாசலில் மோதியது. தளத்தில் வேறு தொழில்நுட்பக் கோளாறுகளும் இருந்தன. முதல் நாளில் பதிந்து முடித்தவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று பின்னர் வெளியான உள்குறிப்புகள் காட்டின. நம் தளம் சின்னதுதான். ஆனாலும் ஓடிபி வராத ஒருவர் அதே இடத்தில்தான் நிற்கிறார். புகாரை முழுக்க எழுத விட்டு, கடைசியில் எண்ணை உறுதிசெய்யலாமா என்று கேளுங்கள். எழுதி முடித்தவர் ஓடிபிக்காகக் காத்திருப்பார். இன்னும் எழுதாதவர் போய்விடுவார்.

எஸ்எம்எஸ் வாசகத்தையும் வடிவமைப்பாகவே பாருங்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் என்றால் 70 இடம்தான், அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். எங்களுக்கு வந்த வாசகம் "மதிப்பிற்குரிய குடிமகனே, தங்களது புகார் வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று தொடங்கியது. அது மட்டுமே 77 இடம். புகார் எண் இரண்டாம் துண்டுக்குப் போய்விட்டது. "புகார் எண் 4821 பதிவானது" என்று தொடங்குங்கள் என்று எழுதினேன். இந்தக் கருத்தைச் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட எஸ்எம்எஸ்களின் வாசகத்தை டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும், கடைசி நாளில் மாற்ற முடியாது.

அறிகுறி: ஒவ்வொரு சுற்றிலும் அதே கருத்து திரும்ப வருகிறது

முடிவை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒரு ஷீட் போதும்: கருத்து, எடுத்த முடிவு, காரணம், தேதி. "செய்யப்போவதில்லை" என்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் காரணம் எழுதுங்கள். காரணத்தைப் படித்த பிறகும் ஒருவர் அதையே கேட்டால், அவரிடம் புதிதாக ஏதாவது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி திறக்கலாம்.

அறிகுறி: வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முக்கியமான ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்

அவர் முன்பே பார்த்திருக்க வேண்டியவர், அழைக்காதது நம் குறை. அதை ஒப்புக்கொண்டுவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். முகப்பில் தலைவர்கள் படம், ஓடும் செய்தி, சுழலும் பேனர் ஆகியவை எங்களிடம் கேட்கப்பட்டன. வாதாடவில்லை. இட்லிக் கடை அக்கா போனைப் பயன்படுத்திய இரண்டு நிமிடப் பதிவை, அவர் சம்மதம் வாங்கியிருந்ததால், போட்டுக் காட்டினோம். பேனர் போட்டால் "புகார் கொடு" பட்டன் முதல் திரையிலிருந்து கீழே போய்விடும் என்பதையும் ஸ்க்ரீன்ஷாட்டில் காட்டினோம். படங்கள் "எங்களைப் பற்றி" பக்கத்துக்குப் போயின. எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் அபிப்பிராயத்தைவிட அந்த இரண்டு நிமிடம் அதிகம் கேட்கப்பட்டது.

அறிகுறி: கருத்து சொன்ன பிறகு வடிவமைப்பாளர் பேசுவதே இல்லை

மற்றவற்றுக்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். இதுவும் நான் செய்த தவறுதான். ஒரு வெள்ளி இரவு உட்கார்ந்து ஃபிக்மாவில் 43 கமெண்ட் போட்டேன். ஒன்றிரண்டு தவிர எல்லாமே சரியானவை. சனிக்கிழமை காலையில் எழுந்த எங்கள் வடிவமைப்பாளரின் போனில் 43 அறிவிப்புகள். "இந்த எழுத்து ஒட்டுகிறது" என்பதும் "ஆட்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள்" என்பதும் ஒரே கனத்தில், ஒரே மஞ்சள் வட்டத்தில். பத்து நாள் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

பிறகு நான் செய்தது இது. 43ஐயும் மூன்று குவியலாகப் பிரித்தேன்: ஆளைத் தடுப்பவை, தடுமாற வைப்பவை, உறுத்துபவை. தடுப்பவை நான்குதான் இருந்தன. உறுத்துபவற்றில் பாதியை அழித்தேன், மீதியை "நேரம் இருந்தால்" என்று ஒரே குறிப்பில் போட்டேன். அவர் செய்தவற்றில் மாறவே கூடாதவை எவை என்றும் எழுதினேன். புகாரின் நிலையைக் காட்டும் பக்கத்தில் "யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளாக" என்று அவர் வைத்திருந்த வரி அதில் முதலாவது. அடுத்தவர் தெரியாமல் அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால் அதுவும் வடிவமைப்பாளருக்குத் தேவையான தகவல்தான்.

அப்புறம் போன் செய்தேன். "மன்னிச்சிடுங்க, ஒரே ராத்திரியில கொட்டிட்டேன். நாலே நாலு விஷயம்தான் அவசரம். பத்து நிமிஷம் பேசலாமா?" என்றேன். பேசினோம். முதல் மூன்றுக்கு அவரே என்னைவிட நல்ல வழி சொன்னார். நான்காவது வார்டு டிராப்டவுன். "அதை யாராவது உபயோகிச்சு நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள்தான் போனை எடுத்துக்கொண்டு இட்லிக் கடைக்குப் போனேன்.